புரட்டாசி விரதமும் மேனேஜர் கோழியும்

கிள்ளான்,
புரட்டாசி மூன்றாம் சனி, பிற்பகல் இரண்டு மணி.

மரியாதைக்குரிய மைத்துனர் கமலநாதன் அவர்களுக்கு,

சுகுமாறன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டும், சீதாலெட்சுமி அக்காவின் சர்க்கரை கட்டுக்குள் நிற்க வேண்டும் என்று பெருமாளிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே நான் நலம். வீட்டில் மற்றவர்கள் நலமாக இல்லை. மற்றவர்கள் என்றால், உங்கள் தங்கை அமுதவள்ளி வளர்க்கும் நான்கு கோழிகள்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். பக்கத்தில் அக்கா இருப்பார். அவர் காதில் விழுந்தது ஐந்து நிமிடத்தில் ஜொகூர் பாருவில் இருக்கும் அமுதவள்ளிக்குப் போய்விடும். அதனால்தான் கையால் எழுதிப் பக்கத்து வீட்டு விஜயனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில்தான் அவருக்கு மாலை வேலை. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

எங்கள் மகள் ஷாமினியின் பிரசவத்துக்காக அமுதவள்ளி அவள் வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. கோழிகளை என் பொறுப்பில் விட்டுப் போனாள். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவனுக்கு நான்கு கோழி ஒரு பெரிய விஷயமா என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். புரட்டாசி பிறந்த அன்று அவள் போனில், "வீட்டுல ஒரு பொட்டுக் கவுச்சி இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். நான் ஃப்ரிட்ஜைக் கழுவினேன், சட்டிகளை மாற்றினேன். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால், கோழிகளுக்கு என்று அவள் வைத்திருந்த டின்னில் காய்ந்த நெத்திலித் தலையும் இடித்த முட்டை ஓடும் இருந்தன. கூண்டுக்கும் துளசிக்கும் நடுவே நாலு அடி கூட இல்லை. பயந்துபோய் டின்னைக் குப்பையில் போட்டேன். தீவன மூட்டையின் லேபிளைப் படித்தேன், அதிலும் மீன் தூள் என்று போட்டிருந்தது. எந்த லேபிளையும் படிக்காமல் விடுவது என் பழக்கமில்லை, அதுவே வினையாகப் போயிற்று. மூட்டையைக் கட்டி ஸ்டோரில் வைத்துவிட்டு, அன்று முதல் கோழிகளுக்குச் சோறு, கீரை, சனிக்கிழமை சுண்டல் என்று சுத்த சைவம் போட்டேன் மச்சான். கோவில் ஐயர் கூடப் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் கூண்டில் ஒரு முட்டை கிடந்தது. எடுத்தால் ஓடே இல்லை, வெறும் தோல், கையில் தொளதொளவென்று ஆடியது. பயத்தில் கீழே போட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு கோழிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடுங்க ஆரம்பித்தன. அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அமுதவள்ளி தினமும் "முட்டை எத்தனை" என்று கேட்பாள், நான் போன மாதம் எடுத்த போட்டோவை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம்தான் மேனேஜருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மேனேஜர் என்பது அந்தப் பெரிய சிவப்புக் கோழி. மற்ற மூன்றையும் மேய்ப்பதால் அமுதவள்ளி வைத்த பெயர். என்னைப் பார்க்கும் பார்வையும் அப்படித்தான் இருக்கும். அது மூலையில் தனியாக நின்றது, வால் தொங்கிக் கிடந்தது, உடம்பை நேராக நிமிர்த்தி முக்கியது, முட்டைப் பெட்டிக்குள் போவதும் வெறுமனே வெளியே வருவதுமாக இருந்தது, தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பறவைக் காய்ச்சல் என்றே முடிவு செய்தேன். பழைய மாஸ்க், கண்ணாடி, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, பின்கட்டைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை டேப் கட்டினேன். கிள்ளான் வெயிலில் மழைக்கோட்டுக்குள் எனக்கே காய்ச்சல் வந்துவிடும் போல இருந்தது.

டேப்பைப் பார்த்துவிட்டு விஜயனின் மனைவி மலர் வேலிப் பக்கம் வந்தாள். கோழி வளர்த்துப் பழகியவள். எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "அங்கிள், இது காய்ச்சல் இல்ல லா. முட்டை உள்ள மாட்டிக்கிச்சு" என்றாள். என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்கு அது எங்க போகும் அங்கிள்? விரதம் நீங்கதானே இருக்கீங்க, கோழி எதுக்கு இருக்கணும்?"

அவளே பூச்சோங்கில் ஒரு மிருக டாக்டரின் நம்பர் தந்தாள். அந்த டாக்டரம்மா சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனையும்படி இருபது நிமிடம் உட்கார வைக்க வேண்டுமாம், கால்சியம் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து இருட்டான இடத்தில் தனியாக விட வேண்டுமாம். என்ன ஆனாலும் வயிற்றை அமுக்கக் கூடாது, உள்ளே உடைந்தால் கோழி போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, சனிக்கிழமைக்குள் முட்டை வராவிட்டால் ஞாயிறு காலை முதல் வேலையாகக் கொண்டு வாருங்கள் என்றார்.

மாத்திரை அமுதவள்ளியுடையது, அதையும் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்து, பேசினில் மேனேஜரை இறக்கினேன். நேற்று இரண்டு தடவை, இன்று காலை ஒரு தடவை. முதல் தடவை என் கை நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர் பாதி தரையில். அமுக்கிவிடுவேனோ என்ற பயத்தில் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டேன். அது கொத்தவில்லை மச்சான், கொத்தினால் கூடத் தேவலையாக இருந்திருக்கும். கண்ணை மூடி என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. பெருமாளுக்கு விரதம் இருக்கிறேன் என்று ஓர் உயிரைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுதுவிட்டேன். மலர் பார்க்கவில்லை.

ஆகவே நாளைக் காலை ஏழு மணிக்குள் காரோடு வந்துவிடுங்கள். நான் கோழியைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பூச்சோங்குக்கு ஓட்ட வேண்டும். ஒருவேளை அது போய்விட்டால், அமுதவள்ளி முகத்தில் எப்படி விழிப்பது என்பதையும் வழியில் யோசிக்கலாம். அவளுக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. வேங்கடவன் உங்கள் வீட்டில் எல்லோருக்கும், முடிந்தால் இங்கே ஒரு கோழிக்கும், துணை இருக்கட்டும்.

பயத்துடனும் பாசத்துடனும்,
சுகுமாறன்

பி.கு.: மணி நாலேகால். வர வேண்டாம். அதாவது, கோழியைப் பூச்சோங்குக்குக் கொண்டுபோக வர வேண்டாம். நாலாவது குளியலில் பேசினிலேயே முட்டை வந்துவிட்டது. ஓடு காகிதம் மாதிரிதான், ஆனால் முழுசாக வந்தது. மேனேஜர் எழுந்து உடம்பை உதறிவிட்டுத் தவிட்டைக் கொத்துகிறது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது அமுதவள்ளி போன் செய்தாள், நான் நெத்திலித் தலை முதல் மாத்திரை வரை எல்லாவற்றையும் உளறிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டாள். இருபது நிமிடம் என்றேன். கை நடுங்கவில்லையா என்றாள். முதலில் நடுங்கியது, அப்புறம் இல்லை என்றேன். உடனே, "பேரன் பொறந்து ஒரு மாசமாச்சு, தூக்க பயந்துகிட்டுத்தானே கிள்ளான்லயே ஒளிஞ்சிருக்கீங்க? காலையில பஸ் ஏறுங்க. இனிமே புள்ளையைக் குளிப்பாட்டுறது நீங்கதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். டிக்கெட்டும் அவளே போட்டுவிட்டாள். ஆகவே ஏழு மணிக்கு நீங்கள் அவசியம் வந்து கோழிகளைப் பொறுப்பேற்க வேண்டும், தீவன மூட்டை ஸ்டோரில் இருக்கிறது. பிள்ளை மூன்றரைக் கிலோவாம் மச்சான், கிட்டத்தட்ட மேனேஜர் எடைதான். ஆனால் மேனேஜரைப் பிடித்துக்கொள்ள இறகாவது இருந்தது.