முப்பத்தேழாவது படம்

இடது கை தூளியை ஆட்டிக்கிட்டிருக்கு. வலது கையால எழுதறேன். தூளிக்குள்ள அபி மொட்டைத் தலையோட தூங்கறா. பதினொரு மாசம் ஆவுது. இருபது நாளைக்கு முன்னால மயிலத்துல முடி எடுத்தோம்.

அந்த முடியைப் பத்திதான் சொல்ல வந்தேன். காதை மூடற சுருட்டை. அதோட ஒரே ஒரு படம் எனக்கு வேணும்னு இருந்தது. பொறந்ததிலேருந்து எடுத்ததெல்லாம் அவரு போன்ல இருந்தது. போன் தண்ணி அண்டாவுல விழுந்து செத்துப்போச்சு. எங்கிட்ட இருக்கிறது பட்டன் போன். அக்கம்பக்கத்துல கேக்கக் கூச்சம்.

அவருன்னா என் வீட்டுக்காரர் ராஜவேல். சேதராப்பட்டு கம்பெனியில வேலை. போன் போன துக்கத்துல சபதம் எடுத்தாரு.

"இனிமே இந்த வூட்ல பிலிம் கேமராதான். போன்ல எடுக்கறது போட்டோவே இல்ல."

புது போனோட கேமரா கண்ணுல பிளாஸ்திரி ஒட்டிட்டாரு. பழைய பிலிம் கேமரா ஒண்ணு வாங்கினாரு. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்து மஞ்ச சுவரு, பச்சை ஜன்னல், பழைய கதவுன்னு எடுத்தாரு. ரெண்டு ரோலும் பாதி கலங்கலா வந்தது. கழுவினவன் தப்புன்னாரு.

"அபியை ஒண்ணு எடுங்களேன்."

"கொழந்த ஆடும், வேம்பு. ஒவ்வொரு படமும் முத்து."

"கதவு ஆடாதுங்களா?"

"ஆடாது."

சாயங்காலமானா எனக்குப் பாடம் நடக்கும். நான் வெண்டைக்கா நறுக்கிக்கிட்டே கேப்பேன். "தூரம் ஆறடின்னு வெச்சா ஆறடியில நிக்கணும். கண்ணாலயே அளக்கணும். முப்பத்தாறு முடிஞ்சாலும் பிலிமை நகத்தற லீவரை இழுத்துப் பாக்கணும். சில ரோல்ல முப்பத்தேழாவது ஒண்ணு இருக்கும், சாமி குடுக்கறது. இல்லன்னா உடனே ரோலைச் சுத்திடணும்."

மொட்டைக்கு முந்தின நாள் கேட்டேன். "நாளைக்கு முடி போயிடுங்க. ஒண்ணே ஒண்ணு."

"முப்பத்தாறும் முடிஞ்சிடுச்சி. நம்பரைப் பாரு."

எனக்கு அழுகையே வந்துட்டது. ஆனா ரோலு முடிஞ்சா கிர்ருன்னு சுத்தற சத்தம் வரணும். அன்னிக்கு வரலை. மத்தியானம் சாப்பிடும்போது, "நாளைக்குக் காலையில சும்மா வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வர்றேன்"னாரு. எந்தக் காலத்துல இவரு சும்மா நடந்தாரு? சாமி குடுத்த முப்பத்தேழாவதை அங்க நிக்கற படகுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு.

சாப்பிட்டுட்டு அவரு மல்லாந்து தூங்கினாரு. அவரு நெஞ்சு மேல அபி தூங்கினா. இப்ப ஆட மாட்டா. ஜன்னல் வெளிச்சம் முடி மேல விழுந்தது. கேமராவை எடுத்தேன். லீவரை அவரே இழுத்து வெச்சிருந்தாரு. தூரத்தை ஆறடியில வெச்சேன். கண்ணால அளக்க எனக்குத் தெரியாது, பூ அளக்கறாப்ல முழம் போடத்தான் தெரியும். ஆறடின்னா நாலு முழம். அவரு மூக்குலேருந்து நாலு முழம் போட்டு, ஒக்காந்து அழுத்தினேன்.

மறுநாள் விடியக்காலம் சட்டைக்குள்ள கேமராவோட நடந்து போனவரு, தொங்கின மூஞ்சியோட வந்தாரு. கிர்ருன்னு சுத்தினாரு.

"நேத்தே முடிஞ்சிடுச்சின்னீங்களே?"

"ஆமா... சுத்த மறந்துட்டேன்."

இன்னிக்குப் படமெல்லாம் வந்தது. சுவரு கலங்கல். கதவு கலங்கல். கடைசிப் படத்துல மட்டும் முடியை ஒண்ணு ஒண்ணா எண்ணலாம். சுருட்டையோட அபி. கீழ வாயைப் பொளந்துக்கிட்டு அவரு.

படத்தைக் கண்ணுகிட்ட கொண்டுபோயி பாத்தாரு.

"ரோலு முடிஞ்சிடுச்சின்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க. முடிஞ்ச ரோலுதானேன்னுதாங்க தொட்டேன்."

புது ரோலை மாட்டிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு. அந்தப் படத்தை சாமி மாடத்துல வெச்சிட்டேன். அவரு மனசு நொந்துட்டாரோ, ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கலாமான்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன், அதுக்குள்ள, "வேம்பு! மதில்ல ஒரு பூனை ஒக்காந்திருக்கு, ஓடறதுக்குள்ள வந்து முழம் போட்டு சொல்லு!"ன்னு கூப்பிடறாரு, நான் போயி முழம் போட்டுட்டு வந்து மீதியை எழுதறேன்.