ஒரு கைக்குழந்தை தேர்ச்சி பெற்ற வரலாறு

மனிதக் குழந்தைக்கு நவீன யுகம் செய்திருக்கும் உபகாரங்களில் தலையாயது எதுவென்று கேட்டால், தடுப்பூசி என்று சிலர் சொல்லக்கூடும். பாவம், அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அறவாரியத்தின் இரண்டாவது மாடிக்கு வந்ததில்லை. அங்கேதான் 'மழலை வளர்ச்சி மதிப்பீட்டுக் குழு' இயங்குகிறது. அதன் செயலாளர் அடியேன்.

எங்கள் திட்டத்தின் பெயர் 'விரைவில் தாய்மடி'. பெற்றவளால் வளர்க்க முடியாத குழந்தையை, தத்தெடுக்கக் காத்திருக்கும் தம்பதியிடம் சீக்கிரம் சேர்ப்பது. அதற்காக வளர்ச்சி எப்படி என்று பார்க்காமல் கொடுத்துவிட முடியுமா? கைப்பேசி வாங்கினாலே கடைக்காரர் ஒருமுறை போட்டுக் காட்டித்தானே கொடுக்கிறார்!

கிள்ளானிலிருந்து குமுதாவும் அவர் கணவர் யுகேந்திரனும் தத்தெடுக்க வந்தபோது, எங்கள் தொட்டிலில் இருந்த குழந்தைக்கு நான்கு மாதம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க அனுமதி. பழக்கம் ஏற்பட்டால் மதிப்பீட்டின் 'நடுநிலை' கெட்டுவிடும் அல்லவா? அதே காரணத்துக்காக ஆயாக்களையும் வாராவாரம் மாற்றினோம். தொட்டிலருகே மாறாமல் நின்றது ஒன்றுதான்: எங்கள் தலைவர் டத்தோ தம்புசாமி கைகூப்பிச் சிரிக்கும் ஆளுயரப் பந்திங். திறப்பு விழாவுக்காக அச்சடித்த பதாகை. வைக்க வேறு இடமில்லை.

முதல் மதிப்பீடு 'புன்னகைத் திறன்'. குழுவினர் அனைவரும் முகக்கவசம் அணிந்து, தொட்டிலைச் சுற்றி நின்று, உற்றுப் பார்த்தோம்.

"பேபி, ஸ்மைல் லா," என்றார் டத்தோ.

குழந்தை கொட்டாவி விட்டது.

"ரெஸ்பான்ஸ் இல்ல. எழுதிக்கோங்க."

வெளியே குமுதா என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டு மொறச்சா அது யாரப் பாத்து சிரிக்கும்? என்கிட்ட குடுங்க, நான் சிரிக்க வைக்கிறேன்."

"சிஸ்டம் அப்படி இல்லக்கா. மொதல்ல சிரிக்கணும். அப்பறம்தான் குடுப்போம்."

அடுத்த கூட்டம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பால் தள்ளிப்போனது. பிறகு டத்தோவுக்குப் பாராட்டு விருந்து. பிறகு பாராட்டியவர்களுக்கு டத்தோ கொடுத்த விருந்து. குழந்தையோ குழுவின் முன் அனுமதி பெறாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. வருந்தத்தக்க போக்கு.

ஒன்பதாம் மாதம் மறுபடி கூடினோம். இப்போது சிரித்தது. டத்தோவைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஏர்கோன் பழுதுபார்க்க வந்தவரைப் பார்த்து, கண்ணாடிக்கு வெளியே நின்ற குமுதாவைப் பார்த்து. குமுதா இரண்டு கைகளையும் நீட்டினார். கண்ணாடியில் இடித்துக்கொண்டார்.

"சிரிச்சிருச்சே டத்தோ! எடுத்துட்டுப் போலாந்தானே?" என்று கேட்டார் யுகேந்திரன். லோரி ஓட்டுபவர்; லீவு போட்டு வந்திருந்தார்.

"எங்க எடுத்துட்டுப் போறது? நைன் மந்த்ஸ்ல புது ஆளப் பாத்தா பேபி அழணும். இது எல்லாரையும் பாத்து பல்லக் காட்டுது. ரொம்ப சீரியஸ் கேஸ்."

"பல்லே ரெண்டுதான் இருக்கு டத்தோ."

அதையும் குறித்துக்கொண்டோம். குமுதா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். அழும் திறன் அவரிடம் குறைவில்லாமல் இருந்தது. தத்துப் போவது அவரல்ல என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது மதிப்பீட்டுக்குள் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. 'அந்நியரை அறியும் திறன்' மட்டும்தான் பாக்கி. அதைச் சோதிக்க, குழந்தையை ஒருமுறைகூடத் தொட்டிராத ஆள் தேவை. நல்லவேளையாக எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. குமுதா இருந்தார்.

முதல் முறையாகக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டோம். அவர் தரையில் மண்டியிட்டுக் கைகளை நீட்டினார். "வாடா கண்ணு. அம்மாகிட்ட வா."

குழந்தை வீறிட்டது. தத்தித் தத்தி ஓடிப்போய்ப் பந்திங்கைக் கட்டிக்கொண்டு, "ப்பா! ப்பா!" என்று அலறியது.

அறை முழுக்கக் கைதட்டல்.

"எக்சலண்ட்!" டத்தோவின் கண்கள் கலங்கிவிட்டன. "பழகுன ஆளு யாரு, புது ஆளு யாருன்னு கரெக்டா தெரியுது. ஃபுல் மார்க்!"

அன்றே குழந்தையை ஒப்படைத்தோம். பந்திங்கை விட்டு வர மாட்டேன் என்றது. அதையும் கொடுத்தனுப்பச் சொன்னார் டத்தோ. அவருடைய தாராளம் நாடறிந்தது. பின் இருக்கையில் குமுதா, மடியில் திமிறியழும் பிள்ளை, பக்கத்தில் சிரித்த முகத்தோடு டத்தோ. "அம்மாடா, நான் அம்மாடா," என்று குமுதா சொல்லிக்கொண்டே இருந்தது கார் திரும்பும்வரை கேட்டது.

எங்கள் மதிப்பீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் மாதமே தூக்கிக் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை இன்று குமுதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துத்தான் வீறிட்டிருக்கும். ஆரோக்கியமான குழந்தை அப்படித்தான் செய்யும்.