ரிவர்ஸ் கியரில் பெண் கேட்ட கதை

என் வாழ்நாள் சாதனைகள் மொத்தம் பத்து. எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். முதல் எட்டும் டைப் அடித்தவை. ஒன்பதாவதும் பத்தாவதும் என் மனைவியின் கையெழுத்தில் இருக்கும். முதல் எட்டையும் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்தார்கள் என்பதால் அவற்றை நீங்கள் அவ்வளவாக நம்ப வேண்டாம். கடைசி இரண்டும் உண்மை.

எழுபதுகளின் கடைசியில் நான் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊசி மூக்கோடு தரையை ஒட்டிப் பறக்குமே, அந்தக் கார் இல்லை. ரோட்டில் ஓடும் அதே பெட்டிக் கார்தான். பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கதவில் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதினால் அது ரேஸ் கார். புதூர்நாட்டுப் பக்கம் பிறந்து, பதினைந்து வயதில் மலையிறங்கி, திருப்பத்தூரில் ஒரு ஷெட்டில் ஸ்பேனர் பிடித்து, பிறகு மெட்ராஸில் ஒரு முதலாளியிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தவன் நான். அவர் பந்தயப் பைத்தியம். ஒருநாள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக நான் ஓட்டினேன். முதுகு சரியாகவே இல்லை, எனக்கு ஏழு வருட வேலை கிடைத்தது.

பந்தயம் நடந்த இடம் பழைய விமான ஓடுதளம். தோசைக்கல் மாதிரி சமதரை. ஏழு வருடமும் அதில் ஒரே பக்கமாகச் சுற்றினேன். ரிவர்ஸ் கியர் என்று ஒன்று இருப்பது ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும். பின்னால் வருகிறவனைப் பற்றி நமக்கென்ன என்று காரின் கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டேன். (அதை அறையில் மாட்டித் தலை சீவிக்கொண்டிருந்தேன்.) பட்டியலில் முதல் வரி, முதல் இடம் இரண்டு முறை. அதில் ஒன்றில், எனக்கு முன்னால் போனவனுக்குக் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அடுத்த வரிகளில் மூன்றாம் இடம் நான்கு முறை. ஒருமுறை ஓடியதே மூன்று கார்கள்தான். எட்டாவது, துணிச்சலுக்கான பாராட்டு. கார் தலைகுப்புறக் கவிழ்ந்து நான் ஜன்னல் வழியாக உயிரோடு வந்ததற்குக் கொடுத்தது.

பச்சையம்மாவை முதன்முதலில் ஒரு ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்த்தேன். அப்போது எங்கள் மலைக்கு ஒரே பஸ், அதுவும் மனசு வைத்தால் வரும். மற்றபடி வாணியம்பாடி பாஷா பாயின் ஜீப்தான் எல்லோருக்கும் கதி. லீவில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். ஏற்றத்தில் ஜீப் மூச்சு வாங்கி நின்று, மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. பந்தய வீரனான நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு “முருகா” என்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் புளிக்கூடையைப் பக்கத்திலிருந்தவர் மடியில் தள்ளிவிட்டுக் குதித்து, சீட்டுக்கு அடியில் கிடந்த முட்டுக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். வண்டி நின்றது.

“போலாம் பாய், நல்லா மிதிங்க” என்றாள். பாய் மிதித்தார். கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறிக் கூடையை வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. நான் மட்டும் ஊர் வரும்வரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த ஏற்றத்திலேயே முடிவு செய்துவிட்டேன். (எங்கள் வீட்டில் முட்டுக்கட்டை போடும் இலாகா இன்றைக்கும் அவளுடையதுதான்.)

பலாப்பழக் காலத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு வெற்றிக்கோப்பை, சட்டைப்பையில் பட்டியல். பெண் கேட்கப் போகிறவன் வெற்றிலை பாக்கு கொண்டுபோவான் என்ற ஞாபகம் அக்காவுக்கு மட்டும் இருந்தது.

பச்சையம்மாவின் அப்பா வேடியப்பன் கோப்பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். “இன்னாப்பா, காலியா கீது?”

“ஜெயிச்சதுக்குக் குடுத்த கப்புங்க.”

“சரி. அரைப்படி புடிக்கும்” என்று சாமை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் பச்சையம்மா மட்டும்தான் என்பதால் பட்டியலை அவளே வாசித்தாள். ரேஷன் கார்டு வாசிப்பது போல, எந்த வரியிலும் குரல் ஏறாமல் இறங்காமல் வாசித்தாள். எட்டு வரியும் முடிந்ததும் வேடியப்பன் கேட்டார்.

“எங்கேர்ந்து எங்க ஓட்டுவ?”

“ஒரே எடம்தாங்க. சுத்திச் சுத்தி, கெளம்புன எடத்துக்கே வரணும்.”

வெற்றிலையை மென்றபடி யோசித்தார். “எதுனா மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?”

“இல்லீங்க, அதான் போட்டி. வேகமா போவணும். யாருக்கும் வழி வுடக் கூடாது.”

“அதுக்குக் கப்பு குடுத்தாங்களா? எங்க செக்கு மாட்டுக்கு இதுவரைக்கும் எவனும் ஒரு சொம்புகூடக் குடுக்கலியே.”

கதவுக்குப் பின்னால் பச்சையம்மா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து பாஷா பாய் வலது கையைத் தாங்கிக்கொண்டு வந்தார். “அரே வேடிப்பா, வண்டிய கெளப்ப ஹேண்டில் போட்டேன், திருப்பி அடிச்சிட்ச்சி. கை இன்னா வீங்கி கீது பாரு. எறக்கத்துல ஸ்டேரிங் புடிக்க முடியாது.” ஜீப் நிறைய வேடியப்பனின் பலாப்பழம். திருப்பத்தூர் சந்தைக்குப் போக வேண்டிய ஆட்கள் பதினைந்து பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. கூடவே ஒரு ஆடு.

வேடியப்பன் என்னைப் பார்த்தார். “இந்தப் புள்ளதான் பெரிய டிரைவராச்சே.”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது எனக்கு. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் ஏறினேன். நான் மலையில் பிறந்தவன்தான், ஆனால் மலையில் ஓட்டியவன் இல்லை என்ற உண்மையை அந்த நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முன் சீட்டில் நான், என்னை இடித்துக்கொண்டு வேடியப்பன், அவருக்கு அந்தப் பக்கம் பாயும் அக்காவும். கியர் கம்பி வேடியப்பனின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றவும் வருங்கால மாமனாரின் தொடையைத் தட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பச்சையம்மா கடைசியில், முட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காக முதல் மூன்று வளைவையும் பந்தயத்தில் வெட்டுவது போலவே வெட்டித் திருப்பினேன். பின்னாலிருந்து ஐந்தாறு குலதெய்வங்களின் பெயர்கள் கேட்டன. ஆடுகூட ஏதோ சொன்னது.

நான்காவது, புளியமரத்து வளைவு. திரும்பினால் எதிரே பஸ்.

மலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சுமையோடு ஏறுகிறவன் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். இதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, எங்கள் மலையில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். முப்பது கஜம் பின்னால், மேட்டில், ஒதுங்க இடம் இருந்தது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, “இன்னாப்பா பாத்துன்னு கீற? பின்னால எடு” என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “நான் ரேஸ் டிரைவர். இதுவரைக்கும் யாருக்கும் வழி வுட்டதில்ல” என்றேன்.

பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

பத்து நிமிடம் அப்படியே போனது. வேடியப்பன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் பெண்ணை வேறு எங்கெங்கோ கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. வீம்பு போனதும், எனக்கு ஏற்றத்தில் பின்னால் எடுக்கத் தெரியாது என்ற விஷயம் மட்டும் மிச்சம் நின்றது. ரிவர்ஸ் போட்டேன். வண்டி முன்னால் போய் பஸ்ஸை முட்டப் பார்த்தது. மறுபடி போட்டேன், அணைந்தது. எல்லோரையும் இறக்கினேன். பலாவும் ஆடும் மட்டும் வண்டியில். தெரிந்த வழி ஒன்றுதானே, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தேன். ஜீப் ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்ந்து, மலையோரச் சாக்கடையில் பின்சக்கரத்தை இறக்கிக்கொண்டு நின்றது. பின்கதவு திறந்துகொண்டது. ஆடு குதித்துக் காட்டுக்குள் ஓடியது. பலாப்பழங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, என்னைத் தாண்டி, பஸ்ஸுக்கு அடியில் புகுந்து, அடுத்த வளைவை நோக்கி உருண்டன. அன்றைய போட்டியில் முதல் மூன்று இடத்தையும் அவைதான் பிடித்தன.

பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி ஜீப்பைத் தூக்கிவிட்டார்கள். உடைந்த பழங்களை எடுத்துச் சுளை பிரித்துத் தின்றபடி வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். நான் ஸ்டேரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி எதற்கும் உதவாவிட்டாலும் அப்போது உதவியது.

பின்னாலிருந்து பச்சையம்மாவின் குரல் கேட்டது. “இந்தாங்க, தலைய தூக்குங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு கிளச்ச மெல்ல வுடுங்க. திரும்பிப் பாக்காதீங்க, பாத்தாலும் உங்களுக்கு வெளங்காது. நான் சொல்றத மட்டும் கேட்டுன்னு வாங்க.”

வேடியப்பன் முட்டுக்கட்டையோடு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவள் பின்பக்கமாகவே நடந்துகொண்டு சொல்லிக்கொண்டு வந்தாள். “வரட்டும்… வரட்டும்… கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்… அப்டியே வரட்டும்… ஹோல்டேன்!”

முப்பது கஜம் போக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. என் பந்தயங்களில் அவ்வளவு மெதுவாக ஓடியிருந்தால் பார்வையாளர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் சலாம் வைத்தார், எனக்கல்ல, பச்சையம்மாவுக்கு.

வேடியப்பன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “இன்னாப்பா, இது அந்தப் பேப்பர்ல இல்லியே?”

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். “வாடா போலாம். இனிமே அசிங்கப்பட இந்த மலையில எடம் பாக்கி இல்ல.”

பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அவர், “உன் இஷ்டம்” என்பது போல மரத்தைப் பார்த்தார். அவள் என்னிடம், “எட்டு வரி வாசிச்சேன். எட்டுலயும் நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க” என்றாள். பிறகு, “பின்னால எடுக்கக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்” என்றாள்.

முடியாது என்று அவள் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது.

பாய்க்குக் கை சரியாகும்வரை ஒரு மாதம் அவர் ஜீப்பை நானே ஓட்டினேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பு செய்யும்போதெல்லாம் நல்ல கையால் என் மண்டையில் தட்டினார். அந்த மாதம் மெட்ராஸில் ஒரு பந்தயம் இருந்தது. போகவில்லை. முதலாளிக்கு முதுகு சரியாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாத முடிவில் புளியமரத்து வளைவிலிருந்து பச்சையம்மா வீட்டு வாசல் வரைக்கும், வழி நெடுக, ஜீப்பைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். ஊரே வாசலில் நின்றது. அவள் ஓடிவந்து, “வரட்டும், வரட்டும்” என்றாள். அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கடைசி நிமிடம் கால் கொஞ்சம் அழுந்திவிட்டது. அன்றைக்கு அவள் அந்தப் பட்டியலை வாங்கி எழுதியதுதான் ஒன்பதாவது வரி. “புளியமரத்து வளைவு முதல் எங்கள் வீடு வரை பின்னால் வந்தது. சேதம்: கோழிக்கூடு ஒன்று.”

மாமனார் கடைசிவரை என்னைப் “பின்னால வந்த மாப்ள” என்றுதான் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். என் கோப்பையில்தான் அவர் வீட்டில் சாமை அளந்தார்கள். எனக்கும் பச்சையம்மாவுக்கும் சண்டை முற்றி நான் இறங்கிவரும் நேரம் பார்த்து, பிள்ளைகள் கோரஸாக “வரட்டும், வரட்டும்” என்று கத்துவார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

போன மாதம் எனக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். பயிற்சி கொடுக்க வந்த பெண், நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லித் தந்தார். பின்னாலேயே நடந்துவந்து, கெண்டைக்காலில் நாற்காலி படும்வரை வந்து, பிறகு மெல்ல உட்கார வேண்டுமாம். கார் கவிழ்ந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் இப்போது கொஞ்சம் கரகரத்துவிட்டது.

“திரும்பிப் பாக்காதீங்க. நான் இருக்கேன் இல்ல? வரட்டும்… வரட்டும்…”

வந்தேன்.

மறுநாள் காலை பார்த்தால் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தது. பத்தாவது வரியின் மை இன்னும் புதிதாக இருந்தது.

“நாற்காலி வரை பின்னால் வந்தது. சேதம் இல்லை.”