கோடு விழக் கூடாத தட்டு

தட்டில் மறுபடியும் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

பிளாஸ்மா என்கிற ரத்தத் தெளிநீரிலிருந்து மஞ்சள் காமாலை வைரஸின் ஆன்டிஜென் என்கிற புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது, அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் தனபாலனின் வேலை. முதன்முதலில் ஓர் ஆஸ்திரேலியாக்காரர் ரத்தத்தில் அகப்பட்டதால், 1974-இல் அங்கே எல்லோருக்கும் அது வெறும் 'ஆஸ்திரேலியா'. அது இருந்தால் சோதனைத் தட்டில் கோடு விழும். தி.நகர் தையல்காரர் அக்பர் பாஷாவின் ரத்தத்தில் தாராளமாக இருந்தது, கோடு விழுந்தது. அது சரி. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது தட்டில் வைத்த நோயில்லாத ரத்தத்திலும் ஏன் விழ வேண்டும்?

"வெள்ளிக்கிழமை நம்ம வேலையைச் சோதிக்க டெல்லிக்காரங்க வர்றாங்க. ரெண்டாவது தட்டுல கோடு இருக்கக் கூடாது. இருந்தா, உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாது" என்று ஆராய்ச்சிக்கூடத் தலைவர் டாக்டர் பங்கஜம் கறாராகச் சொல்லிவிட்டார்.

தனபாலன் நேரே பாட்டில் கழுவும் பாஞ்சாலியிடம் பாய்ந்தார்.

"என்னம்மா கழுவறே? எல்லாத்துலயும் பழைய ரத்தம் ஒட்டிக்கிட்டிருக்கு!"

"இன்னா நைனா, கண்ணாடி தேயற வரிக்கும் தேச்சிக்கினு கீறேன்!"

அத்தனை பாட்டிலும் மறுபடி கொதித்தன. கோடு விழுந்தது. பிரித்து வைத்த ஆஸ்திரேலியாதான் எங்கோ சிந்திக் கலக்கிறது என்று முடிவு கட்டி, மூன்று வார உழைப்பைப் பிளீச்சிங் பவுடரில் கொட்டி அழித்தார். அப்போதும் விழுந்தது. இப்போது டெல்லிக்காரர்களுக்குக் காட்ட ஆஸ்திரேலியாவும் இல்லை.

மறுபடி ரத்தம் கேட்கப் பஸ் பிடித்துத் தி.நகருக்கு ஓடினார். அக்பர் பாஷா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இனிமே ஆவாது சார். 'உங்க ரத்தம் ஃபாரின் சரக்காம், நீங்க மட்டும் ஏன் இங்க காஜா எடுத்துக்கினு கீறீங்க'ன்னு வூட்ல தெனம் கேக்கறா!"

வெறுங்கையோடு திரும்பிய தனபாலனுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நோயில்லாத ரத்தம் பழசாகிக் கெட்டிருக்கும். புது ஊசி போட்டுப் புதிதாக எடுத்து வைத்தார். கோடு முன்னைவிடத் தடிமனாக விழுந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதார்.

பாஞ்சாலிக்கே பாவமாகிவிட்டது. "அழுவாத நைனா. அந்த ரெண்டாவது ரத்தம் யாருது?"

"என்னோடதுதான். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஓட்டல்ல காபிகூடத் தொட்டதில்ல. இதைவிடச் சுத்தமான ரத்தம் மெட்ராஸ்லயே கிடைக்காது!"

பாஞ்சாலி தேய்த்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்திரேலியாவத் தேடிக்கினு தி.நகர் வரிக்கும் போனியே நைனா, அது உன் கையிலயே ஓடிக்கினு கீது!"