ஏழாம் நம்பர் விண்ணப்பம்

பரீட்சை எழுதிய அத்தனை பேரும் பாஸாகிவிட்டதைப் பார்த்ததும் டீம் லீடர் விடைகளை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

காலியாக இருந்தது ஒரே ஒரு புரோகிராமர் வேலை. ஆட்களை வடிகட்டத்தான் அரைமணி நேரத்தில் முடிக்கிற மாதிரி ஒரு சின்னக் கேள்வி கொடுத்திருந்தார். வந்த விடைகளோ அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில். இணையத்தில் எங்கோ கிடந்த விடையை ஊரே கூடி நகலெடுத்திருந்தது.

புது ஆள் வந்தால்தான் அவருக்கு லீவு. குழுவில் மற்றவர்கள் வேறு கம்பெனிக்கு ஓடிப்போக, மிஞ்சியது அவரும், ஆபீஸே அக்கா என்று கூப்பிடும் சீனியர் அம்மாளும்தான். போன மாதம் அக்கா சம்பளத்தைக் கூட்டித் தரும்படி கேட்டபோது, பழைய ஆட்களுக்கு விதி இடம் கொடுக்காது என்று லீடர் கையை விரித்திருந்தார். அதன் பிறகும் அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் இரண்டு ஆள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலோ கடற்கரைப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

"இந்தத் தடவையும் வரலைன்னா உங்க சீட்டுல என் தம்பி உட்காருவான்," என்றாள் மனைவி. "நீங்க ஆபீஸையே கட்டிக்கிட்டு அழுங்க."

லீடர் கேள்வியைக் கடினமாக்கினார். ஒருவர்கூடத் தேறவில்லை. ஒருவன் மட்டும், முதலில் நீங்கள் போட்டுக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தான். ரோஷம் வந்து உட்கார்ந்ததில் ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். அவருக்கும் விடை வரவில்லை.

சரி, இணையத்தில் இல்லாததாகக் கேட்போம் என்று, பில் இரண்டு தடவை அச்சாகிற சொந்த ஆபீஸ் கோளாறையே கேள்வியாக்கினார். முதலாளியின் மச்சான் இரண்டு வரி எழுதி, கூடவே தன் போட்டோவையும் அனுப்பினான்.

"நல்லா யோசிச்சு எழுதியிருக்கான்ல?" என்றார் முதலாளி.

எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று லீடருக்குத் தெரியவில்லை. அவசரமாக ஒரு சட்டம் போட்டார். இனி விண்ணப்பத்தில் பெயரே கூடாது. எச்.ஆர். பெண் நம்பர் மட்டும் போட்டுத் தருவாள். வேலை உறுதியான பிறகுதான் ஆள் யாரென்று தெரியும். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வருகிற ஆள் சரியில்லையென்றால் லீடரின் வேலைக்கும் உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஏழாம் நம்பர் விடையைப் படித்தபோது லீடருக்குக் கண் கலங்கியது. கோளாறைச் சரிசெய்ததோடு, அது எதனால் வந்தது, இனி வராமலிருக்க என்ன செய்யவேண்டும் என்பதையும் அழகாக எழுதியிருந்தது. கேட்ட சம்பளம்தான் மலைக்க வைத்தது. ஆனால் புது ஆளுக்கு விதி ஏது?

முதலாளி அறையில் தொண்டை வற்றப் போராடினார். "இந்த ஆள் இல்லைன்னா நானும் இல்ல சார்," என்று சொல்லியே விட்டார். முதலாளி வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார். லீடர் வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டு, பெட்டியில் தன் துணியையும் வைக்கச் சொன்னார்.

எச்.ஆர். பெண் மேஜைக்கே வந்தாள்.

"ஏழாம் நம்பர் சம்மதிச்சாச்சு சார். இப்ப இருக்கிற வேலையில ராஜினாமா குடுத்தா போதுமாம்."

"சீக்கிரம் குடுக்கச் சொல்லும்மா."

"அதான் சார், நீங்க சீட்டுல இருக்கீங்களான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க அக்கா."