முப்பத்திரண்டு பெயர்களும் ஒரு சிவப்பு அட்டையும்

அன்புத் தம்பி குமாரவேலுக்கு,

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து அக்கா செல்லக்கனி எழுதுவது. நானும் மாமாவும் நலம். ஓசூரில் நீயும் மதியும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். விசாரித்துக்கொண்டிருக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

போன மாதம் கல்யாணப் பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, வேலை முடிஞ்சா கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணணுமா, ஹைபர்நேட் போட்டா போதுமா?" இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சாப்பிடு, அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த அப்புறம் நேற்று சாயங்காலம்தான் வந்தது. வந்த சூட்டோடு எழுதுகிறேன்.

எங்கள் மகளிர் கேரம் மன்றத்துக்கு நான்தான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். வருகிற ஞாயிறு அன்று காத்திவாக்கம் மன்றத்தோடு போட்டி. முதல் சுற்றில் யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுக் குலுக்குவதை நேற்றுக் காலை நம் வீட்டுக் கூடத்திலேயே வைத்தேன். இங்கே அதற்கு ஒரு வழக்கம். வந்தவர்கள் எல்லாரும் போனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். படித்த சீட்டை எல்லார் கண்ணெதிரிலும் உடனே கிழித்துவிட வேண்டும். அப்புறம் யாரும் சீட்டை மாற்றினார்கள் என்று பேச முடியாது பார். அப்படி முப்பத்திரண்டு சீட்டும் கிழிந்தன. பெயர்கள் என் கம்ப்யூட்டரில் மட்டும் ஏறின. கடைசியில் எங்கள் ரேச்சலுக்கும் காத்திவாக்கத்து சாபிராவுக்கும் முதல் சுற்றே மோதல் என்று வந்தது. சாபிரா போன வருடம் கோப்பை வாங்கியவள். கூடமே கத்தியது. அந்தச் சத்தத்தில் எல்லாரையும் வழியனுப்பும் அவசரத்தில், தம்பி, நான் பட்டியலைச் சேமிக்கவில்லை. ஹைபர்நேட்டை அழுத்திவிட்டு எழுந்துவிட்டேன்.

மத்தியானம் சமையலறை சுவிட்சில் பொறி பறந்தது. கடல் காற்று எந்தச் சுவிட்சை விட்டுவைத்தது. மாமா மெயினை இறக்கினார். இறக்கி, அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார்: "ஆள் வேலையில் இருக்கிறார். கை வைக்காதே." பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர் அல்லவா. அங்கே சட்டம் என்னவென்றால், தொங்கவிட்ட கைதான் அட்டையை எடுக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் தொடக் கூடாது. அட்டையை மாட்டிவிட்டுப் புது சுவிட்ச் வாங்க வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.

நாலு மணிக்குக் காத்திவாக்கத்துச் செயலாளர் அறிவு பட்டியல் வாங்க வந்து நின்றார். கூடவே சாபிரா. எதிர்த் தெருவிலிருந்து ரேச்சலும் வந்துவிட்டாள்.

"லிஸ்ட்டு குடுங்க டீச்சர், போய்க்கினே இருக்கோம்" என்றார் அறிவு.

"கரண்ட் இல்லப்பா."

"தெரு முச்சூடும் கீது, உங்க வூட்ல மட்டும் இல்லியா? செரி, சேவ் பண்ணி வச்சிகிறீங்க இல்ல?"

நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னா டீச்சர் இது. லிஸ்ட்டு பூட்சின்னா மறுபடியும் சீட்டு. மறுபடியும் சீட்டுன்னா ரேச்சலு தப்பிச்சிக்கும். நல்லாத்தான் ரோசனை பண்ணிகிறீங்க. எங்க பொண்ணுங்க வராது, சொல்லிட்டேன்."

"யாரு தப்பிக்கிறது? சாபிராகூட ஆடணும்னு ஞாயித்துக்கெழம ஐஸ் கம்பெனில லீவு சொல்லிட்டு வந்துகீறேன்" என்றாள் ரேச்சல்.

"அர நாள் லீவு போதும், ரேச்சலு. பத்து மணிக்குள்ள அனுப்பிடுவேன்" என்றாள் சாபிரா.

ரேச்சல் நேராக மெயினைத் தூக்கப் போனாள். நான் குறுக்கே நின்றேன். அட்டை தொங்குகிறதே. பட்டியல் போனால் ராயபுரத்துக்காரிகள் ஏமாற்றுக்காரிகள் என்று எண்ணூர் வரைக்கும் பேசுவார்கள், பெயர் கெட்டது கெட்டதுதான். ஆனால் மெயினில் கை வைத்தால் மாமா என்னோடு பேசமாட்டார். இரண்டு மணி நேரம் நாலு பேரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

"கரண்ட்டே இல்லாம அது எப்டி டீச்சர் ஞாபகம் வச்சிகினு இருக்கும்?" என்று சாபிரா கேட்டாள். நல்ல கேள்வி. அப்போதுதான் எனக்கே விளங்கியது, உனக்கும் சொல்கிறேன். பாதி ஆட்டத்தில் எழுந்து போக வேண்டும் என்று வைத்துக்கொள். காய்களை அப்படியே விட்டு, விளக்கையும் எரியவிட்டு, ஓர் ஆளைக் காவல் வைத்துவிட்டுப் போகலாம். அது ஸ்லீப். கரண்ட் போனால் காவல்காரனும் போய்விடுவான், காய் கலைந்துவிடும். காய்களைப் பெட்டியில் போட்டு, பலகையைத் துடைத்துச் சாத்திவிட்டுப் போகலாம். அது ஷட்டவுன். மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆட்டம். மூன்றாவது, எந்தக் காய் எங்கே என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டு, பிறகு பெட்டியில் போட்டு, விளக்கையும் அணைத்துவிட்டுப் போவது. வந்ததும் நோட்டைப் பார்த்து அப்படியே அடுக்கலாம். அதுதான் ஹைபர்நேட். கரண்ட் இல்லாவிட்டாலும் நோட்டு அழியாது.

"நோட்டு கீதா இல்லியான்னு மெயினப் போட்டாத்தான் தெரியும்" என்றார் அறிவு. 

ஆறு மணிக்கு மாமா வந்தார். தண்ணீர் குடித்தார். அறிவு எழுந்து, "நைனா, கொஞ்சம் மெயினப் போடேன்" என்றார். "அட்ட தொங்குது இல்ல? தொங்குற வரிக்கும் வேல நடக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு மாமா நிதானமாகச் சுவிட்சை மாற்றி, திருகாணிகளை இரண்டாம் முறை இறுக்கி, அட்டையைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மெயின். நான் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சட்டென்று பட்டியல் வந்து நின்றது தம்பி, முப்பத்திரண்டு வரியும், நான் விட்ட இடத்தில் கர்சர் கூட அப்படியே துடித்துக்கொண்டு.

"ஒரு காயி நகரல டீச்சர்" என்றாள் சாபிரா. அறிவு என் கையைப் பிடித்து, "பேஜார் பண்ணிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க" என்றார். உடனே சேமித்தேன், அச்செடுத்தேன், கொடுத்தேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: வேலை பாதியில் நின்றால் ஹைபர்நேட். வேலை முடிந்தால், ஊருக்குப் போனால், கம்ப்யூட்டர் நொண்டினால் ஷட்டவுன். கண்ணை மூடிக்கொண்டு ஹைபர்நேட்டை நம்பலாம். அதற்கு நானே சாட்சி.

மதிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லாரும் கையும் காலும் சுகமாக, கேட்ட வேலை கிடைத்து நன்றாக இருங்கள்.

உன் அக்கா,
செல்லக்கனி

பி.கு.: மேலே ஹைபர்நேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று எழுதியதை அடித்துவிடு. இன்று காலை காத்திவாக்கத்தில் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். அதில் சாபிரா இரண்டு இடத்தில் இருக்கிறாள். ஐந்தாவது வரியில் ஒருமுறை, ரேச்சலுக்கு எதிரே ஒருமுறை. இரண்டு இடத்திலும் ஜெயித்துக்கொண்டே போனால் கடைசி ஆட்டத்தில் அவளே அவளோடு ஆட வேண்டும். அவர்கள் மன்றத்துச் செங்கொடி என்ற பெண்ணின் பெயர் எங்குமே இல்லை. சீட்டு எழுதியது நான்தான். எண்ணிப் பார்த்தபோது முப்பத்திரண்டு சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். முதல் சாபிரா சீட்டு வந்தபோது எங்கள் பெண்கள் அது வேறு சாபிரா என்று இருந்துவிட்டார்கள், சாபிரா குலுக்கலுக்கே வரவில்லை, வந்திருந்த அறிவோ அப்போது டீ வாங்கப் போயிருந்தாராம். செங்கொடி பெயரும் அந்த நேரத்தில்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். கம்ப்யூட்டர் என் தவறை ஓர் எழுத்துச் சிதையாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நாளை மறுபடியும் குலுக்கல். இந்த முறை சீட்டு எழுதுவது செங்கொடி. நீ ஹைபர்நேட்டை அழுத்து, ஷட்டவுனை அழுத்து, உன் இஷ்டம். அழுத்துவதற்கு முன் திரையில் இருப்பதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்.