ராஜப்பன் ஆண்ட ராஜ்ஜியம்

ஓசூரில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்குவது தொண்ணூறுகளில் அன்றாடச் செய்தி. அப்படித்தான் ராயக்கோட்டை ரோட்டில் இருந்த பழைய, பரந்து விரிந்த பம்பு கம்பெனி ஒன்றை மோட்டார் கம்பெனி முதலாளி ஒருவர் கைப்பற்றினார். அதை ஆளும் பொறுப்பைத் தன் மோட்டார் கம்பெனி உதவி மேனேஜர் ராஜப்பனிடம் ஒப்படைத்தார்.

"பிடிக்கிறது சுலபம்யா, ஆள்றதுதான் கஷ்டம். பெங்களூர்ல ஏதோ பயிற்சி வகுப்பாம், போயிட்டு வா."

கம்பெனி நடத்தத் தெரியாதவர்களை வகுப்புக்கு அனுப்புவதும், நடத்தத் தெரியாதவர்களே வகுப்பு எடுப்பதும் அப்போது நாகரிகமாக இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் அலெக்சாண்டரைப் பற்றி நாள் முழுக்கப் பேசினார். பாரசீகம் எவ்வளவு பெரிய, எவ்வளவு பழைய சாம்ராஜ்யம்! அதை வென்றவர் என்ன செய்தார்? அங்கிருந்த அதிகாரிகள் பலரை அப்படியே வைத்துக்கொண்டார். அவர்கள் உடையை உடுத்தினார். அவர்கள் வழக்கத்தை மதித்தார். ராஜப்பன் நெகிழ்ந்துபோய் ஊர் திரும்பினார்.

பம்பு கம்பெனி வாசலில் ஃபோர்மேன் திம்மராயன் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக நின்று வரவேற்றார். மறுநாளே ராஜப்பன் டையைத் துறந்து குல்லா மாட்டிக்கொண்டு வந்தார்.

"திம்மராயண்ணா, நீங்களே ஃபோர்மேனா இருங்க. இங்க என்ன வழக்கம், சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை மெஷின் ஓட்டறதில்லைங்க சார். முனீஸ்வரன் பூஜை."

"மதிக்கிறோம்."

"சனிக்கிழமையும் கஷ்டம்ங்க. ஒரு நாள் நின்ன மெஷின் லேசுல சூடாகாது."

"வியாழக்கிழமை?"

"நாளைக்கு நிக்கப்போற மெஷினை இன்னைக்கு எதுக்குங்க சிரமப்படுத்தணும்?"

வாதத்தில் ஓட்டை எதுவும் தென்படாததால் ராஜப்பன் ஒப்புதல் வழங்கினார்.

திங்கட்கிழமை தொழிலாளர்களைக் கூட்டி, "இந்த வாரம் ஆர்டர் முழுசும் முடியணும்" என்று ஆணை பிறப்பித்தார். திம்மராயன் அதைத் தெலுங்கில் நீட்டிச் சொன்னார், கன்னடத்தில் சுருக்கிச் சொன்னார். கூட்டம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு டீ குடிக்கக் கலைந்தது.

"என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தாங்க. கொஞ்சம் மரியாதையா."

கிடங்கில் பம்பு குறையக் குறைய ராஜப்பனுக்குத் தூக்கமும் குறைந்தது. மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் வேலை போய்விடுமோ என்று பயந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் தானே போய் ஒரு லேத் மெஷினை ஓட்டிவிட்டார். அது அலறிக்கொண்டு சுற்றியது. எப்படி நிறுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. பூஜைத் தட்டோடு ஓடிவந்த திம்மராயன்தான் நிறுத்தினார்.

"பரவாயில்லைங்க சார். புது ஆளுன்னு முனீஸ்வரன் விட்டுடுவார்."

யார் யாரை வென்றது என்பது ராஜப்பனுக்கு அன்றைக்கு விளங்கியது. முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். முதலாளி வந்ததும் கேட்ட முதல் கேள்வி வேறாக இருந்தது.

"ஸ்ட்ரைக் உண்டா?"

"இல்லைங்க சார்."

"ஒண்ணுகூடவா? பழைய முதலாளி இருந்தப்ப வாரம் ஒண்ணு நடக்குமேய்யா!"

வேலையை நிறுத்துவதற்கு முதலில் வேலை நடக்க வேண்டுமே என்று ராஜப்பன் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதலாளி கட்டித் தழுவிக்கொண்டார்.

"சார், உற்பத்தி..."

"அது வரும்யா. அமைதி வருமா?"

தொழிலதிபர்கள் கூடிப் பாராட்டு விழா எடுத்தார்கள். 'தொழில் அமைதிச் செம்மல்' என்று பட்டம் தந்து சால்வை போர்த்தினார்கள். ராஜப்பனுக்கு உடம்பு கூசியது. மைக்கைப் பிடித்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "ஐயா, நான் அங்கே யாரையும் ஆளவில்லை. எனக்கு ஆளவும் தெரியாது. அங்கே வேலையே நடக்கவில்லை!"

இத்தனை பெரிய மனிதருக்கு இத்தனை அடக்கமா என்று கைதட்டல் கூரையைப் பிளந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் திம்மராயன் எழுந்து நின்றே தட்டினார்.

கைதட்டல் ஓய்வதாக இல்லை. எல்லோரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதையில்லை என்று பட்டதால், சால்வையைச் சரிசெய்துகொண்டு ராஜப்பனும் தட்டத் தொடங்கினார்.